நிம்மதிக் கோழி

சென்னை முகப்பேரில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் குறை ஒன்றும் இல்லை. கறியைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு, வழக்கம்போல உறையின் மேல் இருந்த சிறிய கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் கைப்பேசிக்குக் காட்டினாள். அந்தக் கோழியின் ஆயுள் ஒரு கோடாகத் திரையில் ஓடியது. பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஓரிடத்தில் நல்ல சிவப்பு. மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. சிவப்பு வந்த இடமெல்லாம் பொழுது சாய்கிற நேரம்.

அவள் கம்பெனிக்கு எழுதினாள். ‘என் கோழி எதையோ கண்டு பயந்திருக்கிறது. எதைக் கண்டு என்று எனக்குத் தெரிய வேண்டும்.’

அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமைக்காகத்தான் மற்றக் கோழியைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தாள். ஊசி போட்டு வளர்க்கிறார்கள், காலை அசைக்க இடமில்லாமல் அடைக்கிறார்கள் என்று ஜனங்கள் பயந்துபோன ஒரு காலத்தில், கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு உண்மையைச் சொல்ல ஆரம்பித்தன. முதலில் பண்ணையின் பெயரைப் போட்டார்கள். பிறகு தீவனத்தின் பட்டியல். பிறகு ஒரு கோழிக்கு எத்தனை அடி இடம் என்ற கணக்கு. கடைசியாக இந்தக் கம்பெனி கோழியின் காலில் ஒரு வளையத்தை மாட்டி, அதன் மனசையே திறந்து காட்டிவிட்டது. சரக்கின் பெயர் நிம்மதிக் கோழி. ‘தெரிஞ்சு சாப்பிடுங்க’ என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை.

ஆசிரியையின் புகார் பொங்கலூர்ப் பக்கத்துப் பண்ணைகளைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர் இந்துமதியிடம் வந்து சேர்வதற்குள், அந்தக் கோழியை வளர்த்த பண்ணையில் அடுத்த பேட்ச், அதாவது அடுத்த தொகுதிக் கோழிகள், வளர்ந்துகொண்டிருந்தன. அவள் திருச்சிக்காரி. வேலையில் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு மோகனசுந்தரத்தின் பண்ணைக்குப் போனாள்.

மோகனசுந்தரம் வாசல்வரை வந்து வரவேற்றார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. குடிப்பழக்கம் கிடையாது, புகை கிடையாது. சுற்று வட்டாரத்தில் பாகப்பிரிவினை என்றால் பேசிமுடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“வாங்க டாக்டர். வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. ஏ கோகிலா, மோர் கொண்டா.”

“சாயங்காலத்துல கோழி பயப்படுதுங்க சார். பாம்பு கீம்பு வருதா? நாய்த் தொந்தரவு?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே. சுத்தி வலை அடிச்சிருக்குதுங்க.”

இந்துமதி கையில் வைத்திருந்த திரையை அவருக்குக் காட்டினாள். கொட்டகையின் வரைபடம் அதில் இருந்தது. ஒவ்வொரு கோழியும் ஒரு புள்ளி. ஒரு சாயங்காலத்தை எடுத்து மெதுவாக ஓட்டினாள். மேற்கு ஓரத்தில் சில புள்ளிகள் சிவந்தன. சிவப்பு பக்கத்துப் புள்ளிகளுக்குத் தொற்றி, கிழக்கே போய், சற்று நேரத்தில் கொட்டகை முழுவதும் பரவியது.

“மேற்கு ஓரத்துல இருக்கறதுதான் முதல்ல பயப்படுது. அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“எங்க வீடுதானுங்க.”

“அந்த நேரத்துல வீட்டுல என்ன சத்தம் கேக்கும்?”

மோகனசுந்தரம் சிரித்தார். “டிவிங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா வெச்சிருவேன். இனிமே கொறச்சுக்கறேன்.”

அப்போதுதான் அவர் மனைவி கோகிலவாணி மோரோடு வந்தாள். நாற்பதை நெருங்கிய பெண். டம்ளரை இடது கையால் நீட்டினாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இந்துமதி டம்ளரை வாங்கிக்கொண்டு அந்த முந்தானையையே ஒரு கணம் பார்த்தாள்.

“அந்த வளையத்துல எல்லாந் தெரியுமாங்க டாக்டரம்மா?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“நெஞ்சு துடிக்கறது தெரியும், மூச்சு தெரியும். ஒவ்வொண்ணுக்கும் வழக்கமான துடிப்பு எதுன்னு முதல் நாளே கத்துக்கும். அதுக்கு மேல ஏறினா பயம். பயந்தா ஒரு மாதிரி ஏறும், வலிச்சா ஒரு மாதிரி ஏறும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்லிரும்.”

“எதுக்குப் பயந்துச்சுன்னு சொல்லுமாங்க?”

“அது தெரியாது. முகப்பேர்ல ஒரு டீச்சரம்மா கேட்டிருக்காங்க, அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருக்கேன்.”

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

இந்துமதி மோகனசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அடுத்து இன்னும் இரண்டு பண்ணைகளுக்குப் போக வேண்டியிருந்தது. மோரைக் குடித்தாள்.

“டிவின்னு சொல்றாருங்க” என்றாள்.

முகப்பேர் ஆசிரியைக்குப் பதில் போயிற்று. காரணம் தொலைக்காட்சியின் ஓசை. சரிசெய்யப்பட்டுவிட்டது. வருந்துகிறோம். அடுத்த கோழிக்கு விலையில் தள்ளுபடி.

ஆனால் சரியாகவில்லை. அடுத்த வாரமும் சிவப்பு வந்தது. இந்த முறை ஏரியா மேனேஜர் ஜெயபிரகாஷ் தானே காரில் வந்தார். மோகனசுந்தரத்தையும் கோகிலவாணியையும் ஒன்றாக நிற்க வைத்துப் பேசினார். அவர் கத்தவில்லை. மரியாதையாகவே பேசினார்.

“இங்க பாருங்க. உங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுங்கறது எங்களுக்கு வேண்டாம். அது உங்க சொந்த விஷயம். ஆனா அது கோழிக்குக் கேக்கக் கூடாது. இன்னொரு தடவை இந்த மாதிரி கோடு வந்துச்சுன்னா, அடுத்த பேட்சுக்கு நாங்க குஞ்சு எறக்க மாட்டோம். புரியுதுங்களா?”

“புரியுதுங்க சார்” என்றார் மோகனசுந்தரம்.

ஜெயபிரகாஷ் கோகிலவாணி பக்கம் திரும்பினார். “நீங்களும்தாம்மா. என்ன ஆனாலும் சத்தம் போடாம இருக்கப் பாருங்க.”

அவள் தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் மோகனசுந்தரம் வீட்டுக்குள் வந்தபோது அவள் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று தெரியவில்லை, அவருக்குக் கோபம் வந்தது. பல வருஷங்களாக அப்படித்தான். சாதம் குழைந்தாலும் வரும், குழையாவிட்டாலும் வரும். கையை ஓங்கிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐயாயிரம் கோழிகள் அடையப் போகிற நேரத்தில் தமக்குள் முனகிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் கை அந்தரத்தில் நின்றிருந்தது. அவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும். முதலில் அவள் அதை நம்பவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே தோள் தானாகக் குறுகியது. போகப்போகத் தோள் இறங்கியது. வலது மணிக்கட்டின் வீக்கம் வடிந்தது. சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் சங்கவி, கைப்பேசியில் பேசும்போது, “என்னம்மா, குரலே மாறிருச்சு?” என்றாள்.

சாயங்காலமானால் கோகிலவாணி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கோழிகள் முதலில் விலகும், பிறகு சுற்றி வந்து சேலையைக் கொத்தும். ஒன்றிரண்டு மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கூடப் பிறந்த அண்ணன் செய்யாததை, ஊர் செய்யாததை, போலீஸ் ஸ்டேஷன் செய்யாததை இவை செய்திருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றும். அண்ணன் இரண்டு முறை அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. மோகனசுந்தரத்தின் பேரைக் கேட்டதும், “அவரா? அவரு தங்கமான மனுஷனாச்சேம்மா” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அந்தப் பேட்சில் மிச்சமிருந்த நாளெல்லாம் கோடு பச்சையாகவே ஓடியது. கோழிகளை ஏற்றிப் போக லாரி வந்தது. இரைச்சல் இல்லாமல், நீல விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் கூண்டில் வைத்தார்கள். பிடிக்கும்போது பயந்தாலும் கோட்டில் தெரிந்துவிடும் அல்லவா?

லாரி போனபின் கொட்டகை காலியாயிற்று. கோகிலவாணி எருவை வாரினாள், தரையைக் கழுவினாள், சுண்ணாம்பு அடித்தாள். அடுத்த குஞ்சு இறங்கும்வரை கொட்டகை கொஞ்ச நாள் காலியாகக் கிடக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் பழைய பேட்சின் நோய் புதுக் குஞ்சுக்கு வந்துவிடும்.

வேலை முடிந்து அவள் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். மோகனசுந்தரம் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பவர்போல நிதானமாக இருந்தார்.

“இப்பக் கத்து” என்றார். “ஒரு கோழிக்குங் கேக்காது.”

குஞ்சுகள் இறங்கிய நாளில்தான் அது நின்றது. அன்று முதல் மறுபடி சாந்தம். அவரே கிணற்றடியில் இருந்து தண்ணீர் சேந்தி வந்து கொடுத்தார். பேட்ச் முடிந்தது, லாரி வந்தது, கொட்டகை காலியாயிற்று. மறுபடி கதவு சாத்தப்பட்டது.

மூன்றாவது பேட்ச் முடிகிற சமயத்தில், வழக்கமான சோதனைக்கு வந்த இந்துமதியைக் கோகிலவாணி கொட்டகையின் கடைக்கோடிக்கு அழைத்துப் போனாள்.

“டாக்டரம்மா, இந்தத் தடவை கோழி போனதும் ஒடனே குஞ்சு எறக்கிற முடியாதுங்களா? ஒரு நாள் கூட உடாம?”

“அது எப்படிங்க முடியும்? செட்டு கொஞ்ச நாள் காலியாக் கிடந்து ஆறணும்ல?”

“செட்டு ஆறட்டுங்க. நல்லா ஆறட்டும்.” கோகிலவாணி ஒரு கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “கோழி இருந்தா அவரு கை நீட்டறதில்லீங்க. உங்க மேனேஜர் சொன்னதுல இருந்து அப்படித்தான். செட்டு காலியா இருக்கற நாளைக்குத்தான் எனக்கு இருக்குது.”

இந்துமதி மருந்துப் பெட்டியை மூடிக் கீழே வைத்தாள். பிறகு, “போலீஸுக்குப் போலாமே. நான் கூட வர்றேன்” என்றாள்.

“போயிட்டு வந்தாச்சுங்க. புள்ள படிப்பு முடியற மட்டும் பொறுத்துக்கன்னு எங்கண்ணனுஞ் சொல்லிட்டான்.”

“சாட்சி யாராவது இருந்தா...”

“ஐயாயிரம் சாட்சி இருந்துச்சுங்க. நீங்கதான் டிவின்னு எழுதிட்டீங்க.”

அவள் அதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தீவனத் தட்டு காலியாகிவிட்டது என்பதுபோலச் சொன்னாள். இந்துமதி ஜீப்பில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போனாள்.

அந்தக் காலிநாட்களும் கழிந்து அடுத்த பேட்சுக்குக் குஞ்சு இறங்கியது. வளையங்கள் சரம்சரமாகக் கோத்து வரும். ஆட்கள் குஞ்சின் காலில் மாட்டி மாட்டி விடுவார்கள். உடைந்தது கிடைந்தது போக, சரத்தில் எப்போதும் சில வளையங்கள் மிஞ்சும். கோகிலவாணி அதில் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறைவாகப் போய் வளையத்தை விரித்து, இடது கால் விரலில், மெட்டிக்கு அடுத்தாற்போல் மாட்டினாள். அது சின்னதாய் ஒருமுறை பச்சையாக மின்னி அடங்கியது.

அவளுக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. முகப்பேரில் யாரோ ஒருத்தி, தன் கோழி எதற்குப் பயந்தது என்று கேட்டாள் என்பது மட்டும் மனதில் இருந்தது. தனக்காகவும் யாராவது அப்படிக் கேட்கக்கூடும்.

அதே நாள், அலுவலகத்தில் புதிய பேட்சின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த இந்துமதியிடம் இயந்திரம் ஒரு கேள்வி கேட்டது. ஒரே ஒரு குஞ்சின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது. நீக்கிவிடலாமா, கண்காணிப்பில் வைக்கலாமா? இந்துமதி அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது கிணற்றடிக்குப் போயிற்று. அடுப்படிக்குப் போயிற்று. துணிக்கொடிப் பக்கம் சிறிது நேரம் நின்றது. மறுபடி அடுப்படி.

அவள் ‘கண்காணிப்பில் வை’ என்ற இடத்தைத் தொட்டாள்.

நிம்மதிக் கோழிகளுக்கு முன்பதிவு உண்டு. குஞ்சு இறங்கிய அன்றே பலவும் யாராவது ஒருவர் பேருக்குப் போய்விடும், மிச்சம்தான் கடைக்கு வரும். அவர்கள் தினமும் கைப்பேசியில் அதன் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் வைக்க வேண்டாம், பிறகு சாப்பிடக் கஷ்டமாக இருக்கும் என்று கம்பெனியே அறிவுரை சொல்லியிருந்தது. கோகிலவாணியின் வளையம் பெங்களூரில் ஒரு கணினிப் பொறியாளனின் பேருக்குப் போயிற்று. மற்றவர்கள் கோழியைவிடத் தன் கோழி சாதுவாக இருக்கிறது என்று அவன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். மெதுவான துடிப்பு. சாயங்காலமானால் இன்னும் மெதுவாகிறது. கோகிலவாணியின் மடியில் கோழிகள் ஏறிப் படுக்கிற நேரம் அது.

பேட்ச் முடிந்தது. லாரி வந்தது. அத்தனை புள்ளிகளும் திருப்பூர்ச் சாலை வழியாக ஊர்ந்து போயின. ஒன்று மட்டும் நகரவில்லை. ‘உங்கள் கோழி இன்னும் ஏற்றப்படவில்லை’ என்று பெங்களூருக்குச் செய்தி போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் கைப்பேசி அலறியது. கோடு சிவந்திருந்தது. அவன் அதுவரை கண்டிராத சிவப்பு. பயம் என்றது இயந்திரம். பிறகு வலி என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி வலி என்றது. அவன் கம்பெனிக்குப் போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை. உடனே அந்தக் கோட்டை அப்படியே எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் போட்டான். ‘மற்றக் கோழிகளை ஏற்றிப் போய்விட்டு என்னுடையதை மட்டும் விட்டுவிட்டார்கள். காலிக் கொட்டகையில் தனியாக எதுவோ அதைச் சித்திரவதை செய்கிறது. யாராவது ஏதாவது செய்யுங்கள்.’

காலையில் இட்லி சாப்பிடுகிற நேரத்துக்குள் ஊர் ஊராக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் பார்த்தார்கள், துபாயில் பார்த்தார்கள். அழுதவர்கள் இருந்தார்கள். இனி இந்தக் கம்பெனிச் சரக்கைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். கோழி என்றாலும் அதுவும் ஒரு உயிர்தானே என்று ஒரு பெரிய டாக்டர் பேசிய பேச்சு பத்து மொழியில் சுற்றியது. கம்பெனி நடுங்கிப்போயிற்று. உடனே மீட்கப் போகிறோம், மீட்பதை நேரலையில் காட்டுகிறோம் என்று அறிவித்தது.

ஜெயபிரகாஷ் வந்தார். பிராணி நல அலுவலர் ஒருவர் வந்தார். கேமராவோடு ஒரு பெண் வந்தாள். இந்துமதி மருந்துப் பெட்டியோடு வந்தாள்.

மோகனசுந்தரம் கைகூப்பினார். “என்னங்க சார் இத்தனை பேரு? கோழியெல்லாம் நேத்தே போயிருச்சுங்களே.”

“ஒண்ணு இருக்குங்க. வீட்டுக்குள்ள காட்டுது.”

“வீட்டுக்குள்ள ஏதுங்க கோழி?”

ஜெயபிரகாஷ் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். முன்கூடமான ஆசாரத்தைத் தாண்டி, அறையைத் தாண்டி, அடுப்படி வாசலில் நின்றார். கோகிலவாணி அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. ஜெயபிரகாஷ் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

“கோழி எங்கம்மா?”

அவள் புடவைக் கரையைச் சற்று ஒதுக்கிக் காலை நீட்டினாள். மெட்டிக்கு அடுத்து அந்த வளையம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

“இங்கதானுங்க இருக்குது” என்றாள்.

கேமராப் பெண்ணின் கை தாழ்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிமென்ட் தரையும் ஒரு கொத்துமல்லிக் கட்டும் மட்டும் தெரிந்தன.

“லைவை நிறுத்து” என்றார் ஜெயபிரகாஷ். “மொதல்ல நிறுத்து அதை.”

பிராணி நல அலுவலர் தொண்டையைச் செருமினார். “அப்ப இதுல எங்களுக்கு வேலை இல்லீங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜெயபிரகாஷுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஏம்மா, கம்பெனிப் பொருளை எடுத்துக் கால்ல மாட்டிக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கீங்க? எத்தனை ஜனத்தைப் பதற வெச்சிட்டீங்க தெரியுமா? ராத்திரியெல்லாம் தூங்காம இருந்திருக்காங்க.”

“மன்னிச்சுக்கங்க சார்” என்றார் மோகனசுந்தரம். “அவளுக்குக் கொஞ்சம் இங்க...” என்று தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

“சார், இவங்களைப் பாருங்க” என்றாள் இந்துமதி. “இயந்திரம் சரியாத்தான் காட்டியிருக்கு. பயம்னு சொல்லுச்சு, வலின்னு சொல்லுச்சு. ரெண்டும் இங்கதான் இருக்கு.”

“டாக்டர், அந்த வளையத்தை வெட்டி எடுங்க. அதுதான் இப்ப உங்க வேலை.”

விரல் வீங்கியிருந்ததால் வளையத்தை எடுக்க நேரமானது. இந்துமதி கத்தரியை இடையில் நுழைத்து வெட்டினாள். வெட்டிய கணத்தில் கோடு நின்றது. வாசலில் நின்றபடியே ஜெயபிரகாஷ் அறிக்கையைச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் யாரோ எழுதி அனுப்பினார்கள். கருவியில் ஏற்பட்ட கோளாறு. கொட்டகையில் கோழி எதுவும் இல்லை. எந்தப் பறவையும் துன்புறவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

அதன் கீழே இதயப் படங்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்தன. அப்பாடா, இப்போதுதான் உயிர் வந்தது என்று பலர் எழுதினார்கள். பெங்களூர்க்காரனுக்குப் பதிலாக வேறொரு கோழி கிடைத்தது.

இந்துமதி கோகிலவாணியின் கையைப் பிடித்து எழுப்பினாள். “கிளம்பறீங்களா?”

கோகிலவாணி ஒரு மஞ்சப்பையில் இரண்டு புடவையையும் மகளின் பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டாள். மோகனசுந்தரம் தடுக்கவில்லை. வெளி ஆட்கள் முன்னால் அவர் எதையும் தடுப்பவர் இல்லை. “உடம்பைப் பாத்துக்க” என்றுகூடச் சொன்னார்.

ஜீப் தார்ச்சாலையில் ஏறியதும் கோகிலவாணி கேட்டாள்.

“எத்தனை பேருங்க பாத்தாங்க?”

“நாப்பதாயிரம் பேருக்கு மேல.”

“நாப்பதாயிரம்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். “இப்பவும் பாத்துக்கிட்டிருக்காங்களா?”

இந்துமதி சாலையையே பார்த்து ஓட்டினாள். “இல்லக்கா. கோழி இல்லேன்னு தெரிஞ்சதும் போயிட்டாங்க.”

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வழக்குப் பதிவாயிற்று. இந்துமதி நீதிமன்றத்தில் நடந்ததைச் சொன்னாள். சொன்னதற்காக வேலை போயிற்று. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மாட்டு மருந்து விற்க உட்கார்ந்தாள். கோடு ஒன்று இருந்ததே, அதைக் கொண்டுவாருங்கள் என்று நீதிபதி கேட்டபோது, அது வாடிக்கையாளரின் சொத்து, அவர் சம்மதமில்லாமல் தர முடியாது என்றது கம்பெனி. பெங்களூர்க்காரன் சம்மதம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் மோகனசுந்தரத்தின் வக்கீல் எழுந்து, அந்தப் பதிவு முழுவதும் ஒரு கோழியின் பேரில் இருக்கிறது, கோழியின் வலியை மனுஷியின் வலிக்குச் சாட்சியாக எடுக்க எந்தச் சட்டத்தில் இடம் என்று கேட்டார். நீதிபதி யோசிக்க வாய்தா கொடுத்தார். வாய்தாவுக்கு மேல் வாய்தா போய்க்கொண்டிருந்தது.

கோகிலவாணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. திண்டுக்கல் பக்கத்துப் பெண் ரெஜினாவோடு ஒரே அறையில் தங்கினாள். ரெஜினா வாயாடி. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். கோகிலவாணி தன்னைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. புருஷன் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். லீவு நாளில் சங்கவி சேலத்திலிருந்து வருவாள், மூவரும் சினிமாவுக்குப் போவார்கள். அறையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இப்போதும் அவள் தோள் குறுகும். ஆனால் குறைந்திருந்தது.

தீபாவளி போனஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா ஒரு கோழி வாங்கி வந்தாள். சாதாரணக் கோழி இல்லை.

“யக்கா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் நல்ல கோழியாத் திம்போம். நிம்மதிக் கோழி! இதுலயும் பொறுக்கி எடுத்தேன். மாவட்டத்துலயே முதல் இடம் வாங்குன பண்ணையாம். கடைக்காரரு சொன்னாரு, இதுக்கு அடிபிடியாம்.”

அவள் கைப்பேசியை உறையின் மேல் காட்டிவிட்டு, கோகிலவாணியிடம் நீட்டினாள். கோடு ஓடியது. குஞ்சு இறங்கிய நாளிலிருந்து லாரி ஏறிய நாள்வரை ஒரே பச்சை. பொட்டளவுகூடச் சிவப்பு இல்லை. தீவனம், தண்ணீர், காற்று, வெளிச்சம், தூக்கம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எதிலும் பொய் இல்லை. கோகிலவாணிக்கு அந்தக் கொட்டகையைத் தெரியும். வீடு இப்போது அத்தனை அமைதியாகத்தான் இருக்கும். அடிக்க அங்கே யாரும் இல்லையே.

கடைசியில் ஒரு படம் வந்தது. வளர்த்தவர்: மோகனசுந்தரம். வெளுத்த சட்டை, திருநீறு, கையில் ஒரு வெள்ளைக் கோழி. அதன் முதுகை அவர் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோழி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தது.

“பாத்தாலே தெரியுது, நல்ல மனுஷன்” என்றாள் ரெஜினா. “பொங்கலூராம். ஒங்க பக்கந்தானக்கா? இவரைத் தெரியுமா?”

கோகிலவாணி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தெரியும்” என்றாள். “கோழியை நல்லாப் பாத்துக்குவாரு.”

“அப்பச் சரி, நம்பித் திங்கலாம்” என்று சொல்லி, ரெஜினா உறையைக் கிழித்துக் கறியைச் சட்டியில் போட்டாள்.